சந்திரநீலியை எந்த ஆடு மேயும்?

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதும் மிகுபுனைவு நாவலில் சந்திரநீலி என்று ஒரு புதர்ச்செடி. ஏழு மலைக்கு அப்பால் வளர்கிறது. முழுநிலவு இரவில் மட்டும் நீலமாகப் பூக்கும். பூவைப் பிழிந்து கொடுத்தால் எந்த நோயும் தீரும். அம்மாவின் குளிர்காய்ச்சலுக்காக நாயகி அதைத் தேடிப் போகிறாள். படித்துப் பார்த்த நண்பர்கள் மூன்று பேருமே, “கதை நன்றாக இருக்கிறது, செடிதான் ஒட்டவில்லை” என்றார்களாம். பறக்கும் யானையை நம்பியவர்கள் ஒரு செடியை நம்பாமல் போனது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. உங்கள் யானைக்குப் பசிக்கிறது, மழையில் சிறகு நனைந்தால் எரிச்சல் வருகிறது, பாகனோடு பழைய பகை ஒன்று இருக்கிறது. சந்திரநீலிக்கு அப்படி எதுவும் இல்லை. நாயகி வரும்வரை மலைமேல் சும்மா நின்றுகொண்டிருக்கிறது, வந்ததும் மருந்தாகிவிடுகிறது. மருந்துச் செடிகளை மூட்டை மூட்டையாகப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார், அப்புறம் நான் தாவரவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டு நான் சொல்லக்கூடியது இதுதான்: எந்தச் செடியும் நமக்காக மருந்து செய்வதில்லை. தன்னைத் தின்ன வருகிறவனுக்காக நஞ்சு செய்கிறது. அதில் கொஞ்சத்தை நாம் திருடிக்கொள்கிறோம். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் உங்கள் செடிக்கு ஒரு வாழ்க்கை கிடைத்துவிடும்.

ஆடாதோடையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலியோரத்தில் நிற்கும் சாதாரணப் புதர். வெள்ளைப் பூ, கீழ் உதட்டில் ஊதா ரோஸ் நிறத்தில் கோடுகள். தேனீக்கு வழிகாட்ட வரைந்து வைத்த கோடுகள் அவை. பெயரைப் பிரித்தாலே விஷயம் வந்துவிடும், ஆடு தொடாத இலை. கசப்பு அப்படி. கசப்புக்குக் காரணம் இலையில் இருக்கும் வாசிசின் என்ற ஆல்கலாய்டு. அதே வாசிசின்தான் நம் நெஞ்சுச் சளியையும் இளக்குகிறது. அதன் அமைப்பை முன்மாதிரியாக வைத்துச் செய்ததுதான் இன்று இருமல் டானிக் பாட்டில்களில் பெயர் போட்டிருக்கும் புரோம்ஹெக்சின். ஆட்டை விரட்டச் செய்த சரக்கு தாத்தாவின் இருமலுக்கு உதவுகிறது. செடிக்குத் தாத்தாவைத் தெரியாது.

இயற்கை விவசாயிகளிடம் பூச்சிவிரட்டிக்கு எந்த இலை என்று கேட்டால் செடியின் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு விதியைத்தான் சொல்வார்கள்: ஆடு மாடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வடிகிற இலை, கசக்கிற இலை. ஆடாதோடை, நொச்சி, எருக்கு, வேம்பு எல்லாம் இந்த விதிக்குள் வந்துவிடும். இவை நாட்டு மருந்துக் கடையிலும் இருக்கும். இரண்டு பட்டியலும் இவ்வளவு ஒத்துப்போவது தற்செயல் இல்லை.

ஆக, சந்திரநீலியைப் பற்றி நீங்கள் முதலில் எழுத வேண்டிய வரி அது எதைக் குணப்படுத்தும் என்பது கிடையாது. அதை யார் தின்ன வருகிறார்கள்? உங்கள் மலைகளில் ஆடு இருக்கிறதா, வேறு ஏதாவது விலங்கா? ஒரு எதிரியை முடிவு செய்யுங்கள். முடிந்தால் அந்த நஞ்சையும் மீறித் தின்கிற ஒருவனையும் வையுங்கள். எருக்கம்பாலுக்குப் பயந்து எல்லாம் ஒதுங்கிப்போகும். ஆனால் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி அதில்தான் போய் முட்டையிடும். அதன் புழு இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, அப்புறம் சாவகாசமாக இலையைத் தின்னும். தின்ற நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதைக் கொத்தின பறவை மறுமுறை அந்தப் பக்கம் வராது. உங்கள் உலகத்திலும் அப்படி ஒரு புழு இருந்தால், செடியைத் தேடிப் போகும் நாயகி முதலில் அந்தப் புழுவின் பட்டாம்பூச்சியைத் தேடலாம். ஏழு மலையில் ஒரு புதரைக் கண்டுபிடிப்பதைவிட அது சுலபம், பார்க்கவும் அழகு.

அடுத்து அந்த நீலம். இதைச் சொன்னால் வருத்தப்படுவீர்கள், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: நிலா வெளிச்சத்தில் நீலம் தெரியாது. மங்கலான ஒளியில் நம் கண்ணில் நிறம் பார்க்கும் பகுதி கிட்டத்தட்ட வேலை செய்வதில்லை. எல்லாம் சாம்பலும் வெள்ளையுமாகத்தான் தெரியும். சந்தேகமிருந்தால் பௌர்ணமியன்று மொட்டை மாடிக்கு ஒரு நீலத் துண்டையும் சிவப்புத் துண்டையும் எடுத்துப் போய்ப் பாருங்கள். இரவில் பூக்கும் செடிகள் இதை நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன. பவளமல்லி, மல்லிகை, நிஷாகந்தி என எதை எடுத்தாலும் வெள்ளை, கூடவே மூக்கைத் துளைக்கும் மணம். வருகிற வாடிக்கையாளர் அந்துப்பூச்சி. அதற்கு வெளுப்பும் வாசனையும் போதும். நீலம் பெரும்பாலும் பகல் வேலைக்கான நிறம், தேனீக்கு உரியது.

நீலத்தை விட்டுவிட மனமில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. எங்கள் வீட்டு வாசல் பந்தலில் ரங்கூன் மல்லி ஏறிக்கிடக்கிறது. பொழுது சாயும்போது விரியும் புதுப் பூ வெள்ளை. மறுநாள் அதே பூ இளஞ்சிவப்பு. அதற்கடுத்த நாள் நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர், மூன்று செடியை ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். முதல் இரவில் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள் வரும், நிறம் மாறிய பிறகு பகல் பூச்சிகள் வரும். சந்திரநீலியும் அந்தியில் வெள்ளையாக விரியட்டும். அந்துப்பூச்சி வந்து மகரந்தம் சேர்ந்துவிட்டால் விடியும்போது நீலமாகட்டும். சேராத பூ வெள்ளையாகவே உதிரட்டும்.

இங்கேதான் உங்கள் கதைக்கு ஒரு நல்ல முடிச்சு கிடைக்கிறது. எந்தப் பூவில் மருந்து இருக்கும்? செடியின் பக்கம் நின்று யோசியுங்கள். வெள்ளைப் பூ விருந்தாளியை அழைக்கிற நேரம். அதில் நஞ்சை நிரப்பினால் விருந்தாளி வர மாட்டான். நீலப் பூ காரியம் முடிந்த பூ, உள்ளே விதை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. அதைத்தான் பாதுகாக்க வேண்டும். ஆகவே மருந்து நீலத்தில்தான். அப்படியானால், பழைய பாட்டை நம்பி முழுநிலவில் பறித்துக்கொண்டு ஓடிவரும் நாயகியின் மடியில் இருப்பது வாசனையான, ஒன்றுக்கும் உதவாத வெள்ளைப் பூ. பறித்த பூ நிறம் மாறாது. விடியும்வரை பொறுத்திருந்தால் போதும் என்பது பாட்டு கட்டின அரண்மனைப் புலவருக்குத் தெரியாது. தினமும் அந்த வழியாக ஆடு ஓட்டிப் போகிறவனுக்குத் தெரியும்.

முழுநிலவில் மட்டும் ஏன் பூக்கிறது என்றும் யாராவது கேட்பார்கள். குறிஞ்சியைக் கைகாட்டிவிடலாம். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கிறது. மலை முழுக்க ஒரே பருவத்தில், 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. பூத்து, விதைத்து, செத்துவிடும். இப்படி எல்லாம் சேர்ந்து பூப்பதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம் எனக்குப் பிடிக்கும்: விதை தின்கிற பூச்சியும் பறவையும் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு ஒரே நேரத்தில் கொட்டிவிடுவது. கல்யாணப் பந்தியில் ஒரேயடியாகப் பரிமாறி, நுழைந்துவிட்ட வேண்டாத ஆளைத் திணறடிப்பது மாதிரி. உங்கள் செடிக்கு நிலா ஒரு கடிகாரம், அவ்வளவுதான். மந்திரம் வைக்க விரும்பினால் அது உங்கள் உலகம், வையுங்கள். ஆனால் கடிகாரமாக வைத்தால் அது தவறக்கூடும், மேகம் மறைத்த பௌர்ணமி என்று ஒரு அத்தியாயம் எழுத முடியும்.

சரி, பறித்தாகிவிட்டது. “கசக்கி வாயில் பிழிந்தாள், அம்மா கண் திறந்தாள்” என்று இரண்டே வரியில் முடித்திருக்கிறீர்கள். கடைக்காரன் மகனாக எனக்கு இதுதான் பெரிய ஏமாற்றம். ஒரு மூலிகையின் பாதிக் கதை பறித்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

எந்த உறுப்பு என்பது முதல் கேள்வி. இலையோ பூவோ என்றால் செடி பிழைக்கும். வேர் என்றால் செடி போச்சு. சர்ப்பகந்தி என்று இடுப்பளவுகூட வளராத ஒரு சிறு புதர், வெள்ளைப் பூவும் சிவந்த காம்புமாகப் பார்க்க லட்சணமாக இருக்கும். அதன் வேரை மனம் கலங்கியவர்களுக்கும் தூக்கம் வராதவர்களுக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931-இல் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், அது ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினார்கள். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தன் நோயாளிகளிடம் கண்டதை ஒரு பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதன் வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். உலகம் முழுக்க கிராக்கி. காட்டில் வேரைத் தோண்டித் தோண்டி எடுத்ததில் செடியே அருகிப்போய், கடைசியில் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. சந்திரநீலியின் பூவில் கொஞ்சமும் வேரில் நிறையவும் மருந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதர் வளர ஆறு வருஷம். நாயகி பூவுக்காக ஒரு இரவு காத்திருக்கிறாள். பின்னாலேயே வரும் வியாபாரி கடப்பாரையோடு வருகிறான். வில்லனுக்கு மீசையை முறுக்கிவிட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும்.

இரண்டாவது கேள்வி, பக்குவம். இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் சீனாவில் நடந்தது. நம் மாசிபத்திரியின் உறவுக்காரச் செடி ஒன்று அங்கே காய்ச்சலுக்குப் பெயர் பெற்றது. மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூ என்ற பெண் விஞ்ஞானியின் குழு அதைச் சோதித்தபோது ஒருமுறை பலன் தெரியும், மறுமுறை தெரியாது. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய பழைய மருத்துவக் குறிப்பை அவர் மறுபடி புரட்டினார். ஒரு கைப்பிடி செடியை நீரில் ஊறவை, முறுக்கிப் பிழி, சாற்றை அப்படியே குடி என்று இருந்தது. கொதிக்க வை என்று இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குப் பொறிதட்டியது. குறைந்த சூட்டில் ஈதர் என்ற கரைப்பானில் வடித்துப் பார்த்தார்கள். 1971 அக்டோபரில் எலிகளிடம் முழுப் பலன் கிடைத்தது. 2015-இல் நோபல் பரிசு. ஒரு வினைச்சொல்லில் இருந்தது மருந்து. உங்கள் ஏட்டிலும் இப்படி ஒரு சொல் தேய்ந்து, “காய்ச்சி”யா “காயவைத்து”வா என்று தெரியாமல் இருக்கலாம். தமிழில் எழுதுகிறவருக்கு இந்த வசதி சும்மா கிடைக்கிறது, விடாதீர்கள்.

மூன்றாவதை நான் இன்னும் அதிகமாகச் சிபாரிசு செய்வேன்: ஆயுள். சித்த மருத்துவத்தில் ஒவ்வொரு மருந்து வகைக்கும் எத்தனை நாள் வீரியம் இருக்கும் என்று கணக்கு உண்டு. சாறு, குடிநீர் எல்லாம் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணம் 3 மாதம். இளகம் 6 மாதம். எண்ணெய் ஒரு வருஷம். செந்தூரத்துக்கு 75 ஆண்டு, பற்பத்துக்கு 100 ஆண்டு என்பார்கள். அப்பா காலையில் எட்டு மணிக்குக் கஷாயம் போட்டு அடுப்பைவிட்டு இறக்கினால், பதினொரு மணிக்கு வருகிறவருக்கு அதைத் தர மாட்டார். மிச்சத்தைக் கடை வாசல் வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு, “சாமம் போச்சு, புதுசா போடறேன், உக்காருங்க” என்பார். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே உட்காருவார்.

இப்போது உங்கள் ஏழு மலையை இந்த ஒரு சாமத்தோடு மோதவிடுங்கள். பூச்சாறு 3 மணி நேரம்தான் தாங்கும். வீடு ஏழு மலைக்கு இந்தப் பக்கம். நாயகி என்ன செய்வாள்? பூவை நிழலில் உலர்த்திக் கொண்டுவந்தால் வீரியம் பாதிதான் இருக்கும், எவ்வளவு கொடுப்பது என்று யாருக்கும் தெரியாது. செடியை மண்ணோடு பெயர்த்துக் கூடையில் சுமந்து வந்தால், வழியெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஆட்டிடமிருந்து காப்பாற்றி, அடுத்த பௌர்ணமிவரை பூக்கக் காத்திருந்து, அதற்குமேல் அந்துப்பூச்சிக்கு எங்கே போவது? இல்லையென்றால் அம்மாவை அல்லவா மலைக்குத் தூக்கிப் போக வேண்டும். நான் எழுதினால் கடைசி வழியைத்தான் எடுப்பேன். பாதி நாவல் அங்கே இருக்கிறது. பறக்கும் யானை எதற்கு இருக்கிறது என்று உடனே கேட்பீர்கள். அதன் சிறகு நனைந்துபோகிற மழையும் உங்கள் கையில்தானே இருக்கிறது.

எந்த நோயும் தீரும் என்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நிலவேம்புக் குடிநீரைப் பலரும் ஒரே செடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் சரக்கு ஒன்பது: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். ஒரு காய்ச்சலுக்கே ஒன்பது பேர் கூடி வேலை செய்கிறார்கள். சந்திரநீலி குளிர்காய்ச்சலுக்கு மட்டும் கேட்கட்டும். குழந்தைகளுக்கு ஆகாது, கர்ப்பிணிக்கு ஆகாது என்று இருக்கட்டும். நாயகியின் தங்கை கர்ப்பமாக இருந்து அவளுக்கும் அதே காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கே இப்போது பதறுகிறது.

மருந்து வேலை செய்வதற்கு ஒரு விலையும் இருக்க வேண்டும், அதுவும் அந்தச் செடிக்கே உரிய விலையாக. மலேரியாவுக்குக் கொடுத்த மரப்பட்டை மருந்தான கொயினா சாப்பிட்டவர்களுக்குக் காது இரையும். சர்ப்பகந்தி மருந்தில் ரத்த அழுத்தம் இறங்கினாலும் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்ததாகப் பதிவுகள் வந்தன. டிஜிடாலிஸ் என்ற ஐரோப்பிய மலர்ச்செடி நின்றுபோகும் இதயத்தைத் தாங்கிப் பிடிக்கும். அளவு கொஞ்சம் மிஞ்சினால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும், இன்னும் மிஞ்சினால் அதே இதயத்தை நிறுத்திவிடும். இந்த மஞ்சள் பார்வை ஒரு கதாசிரியருக்குக் கிடைத்த வரம் அல்லவா?

சிறுவயதில் எனக்கு நேரடியாகக் கிடைத்த பாடம் சிறுகுறிஞ்சான். கடையில் உதிர்ந்து கிடந்த பச்சை இலை இரண்டை மென்றுவிட்டு, வழக்கம்போல் டப்பாவிலிருந்து ஒரு கை சர்க்கரையை அள்ளி வாயில் போட்டேன். மணல். வெறும் ஆற்று மணலை மெல்வது போல நறநறவென்று இருந்தது, இனிப்பு என்ற ஒன்றே இல்லை. நாக்கு செத்துவிட்டது என்று அழுதேன். அப்பா சிரித்துவிட்டு, “அதுக்குத்தான்டா சர்க்கரைக்கொல்லின்னு பேரு” என்றார். அரை மணி நேரம் கழித்து நாக்கு திரும்பி வந்தது. அந்த இலையில் இருக்கும் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தை அடைத்துக்கொள்வதால் வருகிற வேலை அது. சந்திரநீலி குடித்தவர்களுக்குப் பத்து நாள் இனிப்பு தெரியாது என்று வையுங்கள். அம்மா பிழைத்து எழுந்ததும் மகள் ஊட்டும் பாயசம் அவளுக்கு மண்ணாக இருக்கும். அவள் அதைச் சொல்லாமல் விழுங்குவாள். நம்பகத்தன்மை வேண்டும் என்று கேட்டீர்களே, அது இப்படித்தான் வரும்.

யாருக்குத் தெரியும் என்பதையும் மாற்ற வேண்டும். உங்கள் நாவலில் செடியின் ரகசியம் அரண்மனை நூலகத்துச் சுவடியில் இருக்கிறது. நடைமுறையில் சுவடிக்கு அது கடைசியாகத்தான் வந்து சேரும். மேலே சொன்ன டிஜிடாலிஸ் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங்குக்குத் தெரியவந்தது ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு மூதாட்டி ரகசியமாக வைத்திருந்த கைமருந்திலிருந்து. அதில் இருபதுக்கும் மேற்பட்ட சரக்குகள். வேலை செய்வது இந்த ஒன்றுதான் என்று அவர் பிரித்தறிந்தார், பத்தாண்டு நோயாளிகளிடம் அளவு பார்த்து 1785-இல் புத்தகமாக எழுதினார். புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. மூதாட்டி மூதாட்டியாகவே இருக்கிறார்.

நம் பக்கத்துக் கதை அகத்தியமலையில் நடந்தது. 1987-இல் அங்கே ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் மூச்சுவாங்கிக்கொண்டு ஏற, வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் ஏதோ ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். என்னவென்று கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை, அது வெளியாருக்குச் சொல்கிற விஷயம் கிடையாது. பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவரவியல் பூங்கா ஒரு மருந்தை உருவாக்கி, 1995-இல் தயாரிக்கும் உரிமையை 10 லட்சம் ரூபாய்க்குக் கொடுத்தது. தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று இன்றும் உலக அளவில் எடுத்துச் சொல்கிறார்கள். ஆனாலும் சொல்லலாமா கூடாதா, சொன்னது யார், பணம் யாருக்கு என்று காணிகளுக்குள்ளேயே எல்லாரும் ஒரே மனதாக இருக்கவில்லை. உங்கள் ஆட்டுக்காரன் நாயகியிடம் ரகசியத்தைச் சொல்கிற இடத்தில் அவன் ஊரார் அவனை என்ன சொல்வார்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள்.

செய்தி பரவினபின் நடப்பதை நீட்ட வேண்டாம், இரண்டு உதாரணம் போதும். இன்றைய லிபியாவில் இருந்த சைரீன் நகரம் சில்பியம் என்ற செடியை விற்றே பணக்கார நகரமானது. காசிலேயே செடியைப் பொறித்தார்கள். அதை வயலில் பயிரிட முடியவில்லை, காட்டிலிருந்துதான் எடுத்தார்கள். முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதும்போது, தன் காலத்தில் கிடைத்தது ஒரே ஒரு தண்டு, அதை நீரோ மன்னனுக்கு அனுப்பினார்கள் என்கிறார். கொயினாவின் கதை வேறு மாதிரி. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை நாடுகள் அந்த மரத்தின் விதையை வெளியே விடாமல் காக்கப் பார்த்தன. 1860-இல் கிளெமன்ட்ஸ் மார்க்கம் தலைமையில் பிரிட்டிஷார் அதைக் கிளப்பிக்கொண்டு வந்து நீலகிரியில் நட்டார்கள். நடுவட்டம் பக்கம் போனால் அந்தக் கதையின் மிச்சத்தைப் பார்க்கலாம். சந்திரநீலி தோட்டப்பயிர் ஆகுமா ஆகாதா என்பதை நீங்கள் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் பாகம் எழுதும் உத்தேசம் இருந்தால் இன்னும் முக்கியம்.

பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சந்திரநீலி என்பது புலவர் வைத்த பெயர். கூட வாழ்கிறவர்கள் செடிக்கு அப்படிப் பெயர் வைப்பதில்லை. இலைக்கடியில் காய் என்றால் கீழாநெல்லி, முடக்கை அறுத்தால் முடக்கற்றான், தொட்டால் சுருங்கினால் தொட்டாற்சிணுங்கி, ஆடு தீண்டாவிட்டால் ஆடுதீண்டாப்பாளை. பார்த்ததைச் சொல்வார்கள், பட்டதைச் சொல்வார்கள். ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயரும் இருக்கும். கரிசலாங்கண்ணி, கையாந்தகரை இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாமல் இரண்டையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டச் சொன்ன வாடிக்கையாளர்கள் எங்களுக்கு உண்டு. அப்பா சொல்லிப் பார்ப்பார், கேட்காவிட்டால் கட்டிக் கொடுத்துவிடுவார். ஆக அரண்மனையில் சந்திரநீலி, மலையடிவாரத்தில் விடிநீலம், ஆட்டுக்காரனிடம் பாயசங்கெடுத்தான். மூன்றும் ஒன்று என்று நாயகிக்குத் தெரியவருவதற்குள் ஐந்து மலை தாண்டியிருப்பாள்.

உங்கள் உலகத்து மருத்துவச்சி ஒருத்தி தன் பேத்திக்குச் சொல்வதாக வைத்து, இதெல்லாம் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

“விடிநீலம் இடுப்பளவுக்கு மேல போகாது. இலை எதிரெதிரா இருக்கும், கசக்கினா வெள்ளரிப் பிஞ்சு வாசனை. ஆடு மோந்து பார்த்துட்டுப் போயிடும். பஞ்சத்துல மேஞ்ச ஆட்டுப் பால் மூணு நாளைக்குக் கசக்கும், அத வச்சே செடி எந்தப் பக்கம் இருக்குன்னு கண்டுபிடிச்சுக்கலாம். முழுநிலவன்னிக்குப் பொழுது சாய வெள்ளையா பூக்கும். கை வைக்காத. காப்பு கட்டிட்டுப் பக்கத்துலயே உக்காரு. தூங்கினா பரவாயில்ல, அந்து வர்ற சத்தத்துக்கு முழிச்சுக்குவ. விடிஞ்சதும் நீலம் எது, வெள்ளை எதுன்னு பிரிச்சுப் பாரு. நீலத்துல பெரியாளுக்கு ஏழு பூ, மெலிஞ்சவளுக்கு நாலு. பச்சத் தண்ணில ஊறப்போட்டுப் பிழி, அடுப்புக்கிட்ட கொண்டு போகாத. ஒரு சாமத்துக்குள்ள குடுத்துடு. வேர்ல இன்னும் இருக்குன்னு எவனாச்சும் சொல்வான். இருக்குதான். என் பாட்டி ஒரு தடவ தோண்டினா. அந்தச் சரிவுல இன்னிக்கு வரைக்கும் கல்லுதான் கெடக்கு.”

ஏழு பூ, நாலு பூ என்ற கணக்கை நீங்கள் கதைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஏதாவது ஒரு கணக்கு இருக்கட்டும். “சிறிதளவு” என்று எழுதாதீர்கள், அது சமையல் குறிப்புக்குச் சரி.

கடைசியாக, அட்டைப்படம் வரைபவருக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒரே கொத்தில் வெள்ளையும் நீலமும் கலந்து வரையச் சொல்லுங்கள், பின்னணியில் நிலா வேண்டாம், விடிகாலை வெளிச்சம் போதும். தரையில் உதிர்ந்த வெள்ளைப் பூக்கள் கொஞ்சம். இலைகளில் ஒன்றிரண்டு புழு தின்று ஓட்டையாக இருக்க வேண்டும். வரைபவர் அழகு கெடும் என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.